விலையின் வயதும் வண்டியின் வயதும்

1967 ஜூன் மாதம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத ஜார்ஜ் அகர்லாஃப், அமெரிக்காவின் முதன்மையான பொருளியல் இதழ் ஒன்றுக்கு ஒரு கட்டுரையை அனுப்பிவிட்டு இந்தியாவுக்குக் கிளம்பினார். டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு தங்க ஏற்பாடு. நிராகரிப்புக் கடிதம் அவர் இந்தியாவில் இருந்தபோது வந்து சேர்ந்தது. இத்தனை அற்பமான விஷயங்களை நாங்கள் வெளியிடுவதில்லை என்பது அதன் சாரம். இரண்டாவது இதழும் ஏறக்குறைய அதையே சொன்னது. மூன்றாவது இதழின் மதிப்பீட்டாளர்கள் எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள்: இவர் சொல்வது சரியென்றால் பொருளியலே வேறு மாதிரி இருந்திருக்குமே! நான்காவதாக ஓர் இதழ் 1970ல் அதை வெளியிட்டது. அச்சில் பதின்மூன்று பக்கம். 2001ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அகர்லாஃபுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அற்பமான விஷயம், பழைய கார்.

அவருடைய தர்க்கத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிறம். நன்றாகப் பராமரித்த வண்டியின் உண்மை மதிப்பு 8 லட்சம். உள்ளுக்குள் நொந்துபோன வண்டியின் மதிப்பு 4 லட்சம். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் என்ன செய்வார்? நடுவாக 6 லட்சம் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் எதற்குக் கொடுக்க வேண்டும்? அவர் விற்காமல் வைத்துக்கொள்வார், அல்லது மைத்துனருக்குக் கொடுத்துவிடுவார். சந்தையில் நொந்த வண்டிகளின் விகிதம் கூடும். அது தெரிந்ததும் வாங்குபவர் விலையை இன்னும் இறக்குவார். இன்னும் சில நல்ல வண்டிகள் விலகும். இப்படியே போனால் கடைசியில் மோசமானவை மட்டுமே விற்பனைக்கு நிற்கும்.

நடைமுறையில் சந்தை அவ்வளவு தூரம் சரிந்துவிடுவதில்லை. எரிக் பாண்ட் என்ற பொருளியலாளர் 1982ல் அமெரிக்காவின் பழைய பிக்கப் லாரிகளை ஆராய்ந்தபோது, கைமாறிய வண்டிகள் கைமாறாதவற்றைவிட அதிகமாகப் பழுது பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. மனிதர்கள் தகவலைத் தேடிப் பிடிக்கிறார்கள். 'தெரிஞ்சவங்க வண்டி' என்று நாம் அலுவலக நண்பரிடமும் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரரிடமும் வாங்குவது பாசத்தினால் அல்ல, அந்த வண்டியின் வரலாறு நமக்குத் தெரியும் என்பதால். ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஷோரூமை விட்டு வெளியே வந்த வண்டி, ஒரு திருகாணிகூடத் தேயாமலேயே மதிப்பிழக்கத் தொடங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் வரி. நடுத்தர செடான் ஒன்றின் வரிக்கு முந்தைய விலை 10 லட்சம் என்று வையுங்கள். 2025 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஜி.எஸ்.டி.யில் நான்கு மீட்டரைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம். ஷோரூம் விலை 14 லட்சம் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அது இரண்டரை லட்சம். இன்ஷூரன்ஸ் சேர்க்காமலே பதினாறரை லட்சம். இதில் ஆறரை லட்சம் உலோகத்துக்கோ உழைப்புக்கோ போகவில்லை. அதே ஊரில் இரண்டாவதாக வாங்குபவர் அந்த ஆயுள் வரியை மீண்டும் கட்டுவதில்லை. முதல் உரிமையாளர் அவருக்காகவும் கட்டிவிட்டார்.

விலை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பின்பற்றும் தேய்மான அட்டவணை ஒரு நல்ல அளவுகோல். முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம்; ஓராண்டுக்குள் 15; இரண்டாண்டில் 20; மூன்றில் 30; நான்கில் 40; ஐந்தில் 50. இந்தக் கழிவு ஷோரூம் விலையிலிருந்து. ரோடு டாக்ஸ் கணக்கிலேயே வராது. நம் உதாரண வண்டி ஐந்தாவது பிறந்தநாளில் காகிதத்தில் 7 லட்சம். சந்தை இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. விலைபோகும் மாடல் மெதுவாகவும், கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்ட மாடல் வேகமாகவும் இறங்கும். ஆனால் கோட்டின் வடிவம் இதுதான்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே. விலை இறங்கும் கோடு ஒன்று. இயந்திரம் தேயும் கோடு வேறொன்று. முதலாவதை வரையும் கை நாட்காட்டி, வரி, சந்தேகம் ஆகியவற்றுடையது. இரண்டாவதை வரைவது இயற்பியலும் வேதியியலும். ஐந்து வயதில் விலை பாதியாகிவிடுகிறது. ஆனால் ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓட்டிய இன்றைய 1500 சி.சி. பெட்ரோல் என்ஜின் அந்த வயதில் தன் ஆயுளில் கால்வாசியைத் தாண்டியிருந்தாலே அதிகம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே திறக்கும் இடைவெளிதான் பழைய கார் வாங்குபவரின் லாபம். எந்த வண்டியில் அந்த இடைவெளி உண்மையானது, எதில் போலியானது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் அறிவியல் வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: ஏன் செடான்? எஸ்.யூ.வி. வாங்காதவரை அனுதாபத்தோடு பார்க்கும் காலம் இது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் காருக்கு வரி குறைவு என்று அரசு 2006ல் தொடங்கி வைத்த வழக்கம், டிக்கியை வெட்டிய குட்டி செடான்களையும், உயரத்தைக் கூட்டிய குட்டி எஸ்.யூ.வி.க்களையும் பெற்றெடுத்தது. நடுத்தர செடான் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று முழு வரி கட்டுகிறது. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ், இப்போது பழைய சந்தையில் மட்டும் கிடைக்கும் மாருதி சியாஸ் ஆகியவை இந்த வகை. இவற்றில் வெர்னா நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கிறது.

செடானுக்கு இயற்பியல் இரண்டு சலுகைகள் தருகிறது. ஒன்று, தாழ்வான ஈர்ப்பு மையம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண், வண்டி எவ்வளவு எளிதில் உருளும் என்பதைச் சொல்லும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில் கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை, உயரமான எஸ்.யூ.வி.க்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய உருளும் வாய்ப்பு கூடும். இரண்டாவது சலுகை, காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில், இழுவைக் குணகம் 0.29ம் முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டரும் உள்ள செடானை எதிர்க்கும் விசை சுமார் 295 நியூட்டன். குணகம் 0.35, பரப்பு 2.5 என்று நிமிர்ந்து நிற்கும் வண்டிக்கு அது 405. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர் பெட்ரோல் பங்க்கில் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பார். மழைநீர் தேங்கும் தெருவிலும், பள்ளத்தைவிட மேடு அதிகமான வேகத்தடைகளிலும் செடான் தோற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் அவர்களை ஒருமுறை உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். அதற்குச் சூத்திரம் கிடையாது.

இனி, தேய்மானம். தரகர்கள் ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்லேருந்து வீடு. வெள்ளிக்கிழமை கோயில். அஞ்சு வருஷத்துல பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான்." கேட்கும்போதே கையில் முன்பணம் எடுக்கத் தோன்றும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1902ல் தாங்கிகளில் ஏற்படும் உராய்வை அளந்து வெளியிட்டார். அவர் வரைந்த கோடு இன்றும் எல்லா என்ஜின் வடிவமைப்பாளர்களின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சுழலும் தண்டு போதுமான வேகத்தில் சுற்றினால் எண்ணெயைத் தனக்கு அடியில் இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள், தலைமுடியின் விட்டத்தில் ஒரு சிறு பங்கு. ஆனால் அது இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. தொடாத இடத்தில் தேய்மானம் ஏது? நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த முதல் கணங்களில்தான் படலம் இருக்காது. அப்போது இரண்டு உலோகப் பரப்புகளும் நேருக்கு நேர் உரசுகின்றன. ஆக, என்ஜினின் தேய்மானத்தை எண்ண வேண்டுமானால் கிலோமீட்டரைவிட எத்தனை முறை ஸ்டார்ட் செய்யப்பட்டது என்பது பொருத்தமான கணக்கு.

இதோடு வேதியியலும் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறு என்ன ஆகும்? பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். அரை மணி நேரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி இரண்டையும் ஆவியாக்கி வெளியேற்றிவிடும். மூன்று கிலோமீட்டர் கிளினிக் பயணத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை. எண்ணெய் நீர்த்து, அமிலம் கூடி, தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. பானெட்டைத் திறந்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய பயணங்களால் வந்திருக்கலாம், கூலன்ட் கசிந்தும் வந்திருக்கலாம். இரண்டாவது என்றால் செலவு பெரிது.

பனிக்கட்டி நாடுகளைவிட நமக்கு இந்த விஷயத்தில் சலுகை உண்டு. காலை ஐந்து மணிக்கும் நம் என்ஜின் இருபது டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஆனாலும் அது விரும்பும் வெப்பநிலை தொண்ணூறுக்கு அருகில். கோயம்புத்தூரிலிருந்து வாரா வாரம் பெங்களூர் போய்வந்த 75,000 கிலோமீட்டர் வண்டி, சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருந்தால், டாக்டரின் பதினெட்டாயிரத்தைவிட என் கணக்கில் இளமையானது. சந்தையோ டாக்டர் வண்டிக்குத்தான் அதிகம் கொடுக்கிறது. இரண்டு கோடுகளும் விலகி நிற்கும் இடங்களில் இது முதன்மையானது.

ஓடாமல் நின்றாலும் மூப்படையும் பாகங்கள் உண்டு. ரப்பர் அதில் முதலாவது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பர் மூலக்கூற்றின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது; டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகளாக அது தெரியும். டயரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3621 என்றால் 2021ன் 36வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மீதி என்று பார்க்கும் நாம் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. பிரேக் எண்ணெய் இன்னொன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட்-4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155 இருந்தாலே தரம் ஏற்றுக்கொள்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது இந்த 75 டிகிரி வித்தியாசத்தின் பொருள் விளங்கும். எண்ணெய் கொதித்து ஆவியானால் ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெயை மாற்ற ஆகும் செலவு சிறியது. பழைய கார் வாங்கிய முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

கிலோமீட்டர் மீட்டரைத் திருப்புவது உலகப் பிரச்சினை. அமெரிக்காவில் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பே மதிப்பிடுகிறது. பல்சக்கர மீட்டரைத் திருப்ப ஸ்க்ரூ டிரைவர் போதும் என்றிருந்தது. இன்று ஒரு சிறிய நினைவகச் சிப்பில் எண்ணை மாற்றி எழுதுகிறார்கள். ஆனால் பொய்யை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது கடினம். பல கார்களில் ஓடிய தூரம் வேறு கணினிப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். மீட்டர் 22,000 என்கிறது. ஐந்து டயர்களில் நான்கு, வண்டி பிறந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்திருக்கின்றன. பெடல் ரப்பர் வழவழத்திருக்கிறது, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் நைந்திருக்கிறது. 22,000 கிலோமீட்டரில் டயர் தேயாது என்பது உங்களுக்குத் தெரியுமே.

டாஷ்போர்டின் அடியில் ஓ.பி.டி. என்ற சொருகுமுனை இருக்கும். மலிவான ஸ்கேனர் ஒன்றைச் சொருகினால் கோளாறுக் குறியீடுகளைக் காட்டும். விற்பவர் முதல் நாளே அவற்றை அழித்திருந்தால்? அழிக்கும்போது, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு தன்னைத் தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகளும் அழிந்துவிடும். அவை மீண்டும் நிரம்பச் சில நாள் ஓட வேண்டும். ஸ்கேனரில் கோளாறு ஏதும் இல்லை, ஆனால் பல சோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று வந்தால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் வாங்கிப் படியுங்கள். க்ளெய்ம் செய்யாதவருக்கு நோ க்ளெய்ம் போனஸ் ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும்; ஒருமுறை க்ளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு விழும். "ஒரு கீறல்கூட விழாத" நான்கு வருட வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்று அச்சாகியிருந்தால் அந்தக் காகிதம் தரகரைவிட நேர்மையானது. போனஸ் உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு அல்ல என்பதால் முதல் உரிமையாளரிடம் வாங்கும்போது மட்டும்தான் இந்தக் கணக்கு நேராகப் பேசும்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிப்பதற்குப் பெயின்ட் தடிமன் அளவி என்ற கையடக்கக் கருவி உண்டு. காந்தத் தூண்டலால் வேலை செய்வது. தொழிற்சாலைப் பூச்சு மொத்தம் நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான் சுமார் இருக்கும். மேலே இன்னொரு முறை அடித்தால் அது இருமடங்காகும். டிங்கரிங் செய்து பட்டி பார்த்து அடித்த இடத்தில் ஆயிரத்தையும் தாண்டும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே கருவி பேசாது. சென்னை டிராஃபிக்கில் ஒரு கதவோ ஃபெண்டரோ மறுபெயின்ட் ஆகாத வண்டியைத் தேடினால் கிடைக்காது, அதற்காக ஒதுக்காதீர்கள். கூரையும், கதவைத் தாங்கும் தூண்களும், பானெட்டுக்குள் நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களும்தான் முக்கியம்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் சுவரில் மோதும் கார், முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் உள்ளே இருப்பவர் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு வேக இழப்பைத் தாங்க வேண்டியிருக்கும். பெல்ட் போட்டவர் பிழைப்பார். 10 சென்டிமீட்டர்தான் நசுங்கியது என்றால் அது கிட்டத்தட்ட 100 மடங்கு. "அந்தக் காலத்து வண்டி சார், இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று பெருமைப்படுவோர் இதைக் கவனிக்கலாம். வண்டிக்கு ஆகாதது உள்ளிருப்பவருக்கு ஆகும். பெலா பாரேனி என்ற பொறியாளர் இதற்கு 1950களின் தொடக்கத்திலேயே மெர்சிடிஸ் நிறுவனத்துக்காகக் காப்புரிமை பெற்றார்: முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுக்கூண்டு நசுங்கக் கூடாது. நசுங்க வேண்டிய சட்டங்கள் எந்த இடத்தில் எப்படி மடிய வேண்டும் என்று கணித்துச் செய்யப்படுபவை. நடுக்கூண்டின் தூண்களில் இருக்கும் போரான் எஃகு, சூடாக அச்சிட்டு உடனே குளிரவைப்பதால் சுமார் 1500 மெகாபாஸ்கல் வலிமை பெறுகிறது. பட்டறையில் கேஸ் வெல்டிங் சூட்டில் அதை நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. மேலே பெயின்ட் பளபளக்கும். சட்டமோ தூணோ வேலை பார்க்கப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படியே. 2015 டிசம்பரிலும் 2023ன் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கழுத்தளவு மூழ்கிய கார்கள் எல்லாமே உடைப்புக்குப் போய்விடவில்லை. என்ஜினுக்குள் நீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்தால், நீர் அமுங்காது என்பதால் பிஸ்டனின் இணைப்புத் தண்டு வளையும். அது உடனே தெரிகிற சேதம், சரிசெய்துவிடுவார்கள். தெரியாத சேதம் வயர்களில். சாக்கடையும் உப்பும் கலந்த நீர் ஒரு மின்பகு கரைசல். மின்னழுத்தம் உள்ள செம்பு முனைகளை அது மாதக்கணக்கில் அரிக்கும். ஆறு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு பவர் ஸ்டியரிங், பிறகு காரணமே தெரியாமல் நடுரோட்டில் நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம்வரை வெளியே இழுங்கள். கார்ப்பெட்டையும் சீட் கவரையும் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியைப் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டதும் பூஞ்சை வாடை வந்தாலோ, அதை மறைக்கும் அளவுக்கு வாசனைத் திரவியம் அடித்தாலோ கிளம்பிவிடலாம்.

என்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ச் சேருங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னதாகவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜினின் முதல் புகை நீலமாக இருந்தால் எண்ணெய் எரிகிறது. இன்னும் ஒரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். "என் மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா?" என்று கேளுங்கள். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு மட்டும் சுலபமான செயல்தான் நம்பத்தக்க சமிக்ஞை என்பது, அகர்லாஃபோடு நோபல் பெற்ற ஸ்பென்ஸின் கண்டுபிடிப்பு. தயங்குபவரின் தயக்கமே தகவல்.

கியர்பாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. உலர் கிளட்ச் வகை இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், நகர்ந்து நகர்ந்து நிற்கும் நெரிசலில் வழுக்கிச் சூடாகும். நகர வண்டியாகப் பழையது வாங்கினால் அதைத் தவிர்ப்பேன். சி.வி.டி., டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்குகள் எண்ணெய்க்குள் வேலை செய்வதால் இந்தச் சூட்டை நன்றாகச் சமாளிக்கும். டீசல் வேண்டும் என்பவர்களுக்கு, 2023க்குப் பிறகு இந்த வகையில் புதிய டீசல் செடானே இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசலில் கரித்துகள் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலைச் சூடு கிடைக்காவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் மீதான கட்டுப்பாடுகளால் மலிவாகத் தெற்கே வரும் வண்டிகளுக்கு மறுபதிவும் மறுபடி வரியும் உண்டு என்பதை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

அப்படியானால் புதிய வண்டி எதற்கு? பளபளப்புக்கு அல்ல, விதிகளுக்காக. முன்மோதல், பக்க மோதல் சோதனைகள் இந்தியாவில் புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபரிலும் கட்டாயமாயின. ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலில் வந்தது. முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் 2021 முடிவில். 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளின் எரிபொருள் குழாய்களும் ரப்பர்களும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலப்புப் பெட்ரோலில் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறைகிறது. மைலேஜ் கொஞ்சம் இறங்குவது எந்த மெக்கானிக்கின் குற்றமும் இல்லை. 2012 மாடலை வாங்குபவர் இந்தப் பாதுகாப்புகளில் பலவற்றை விட்டுக்கொடுக்கிறார். பின்னிருக்கையில் குழந்தைகள் உட்காரும் வண்டிக்கு அது சரியான சேமிப்பு அல்ல.

என் தீர்ப்பு இதுதான். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, பத்து வருடத்துக்குக் குறையாமல் வைத்திருக்கப் போகிறவர் புதியதே வாங்கலாம். விலை வீழ்ச்சியை அவர் நீண்ட காலத்துக்குப் பரப்பிவிடுகிறார். மூன்று நான்கு வருடத்தில் மாற்றும் பழக்கமுள்ளவர் புதியது வாங்குவது, அடுத்தவருடைய வரியைத் தன் கையால் கட்டுவது. மற்ற பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்று முதல் ஐந்து வயதான, ஒரே கையில் இருந்த, நெடுஞ்சாலை கண்ட பெட்ரோல் செடான் போதும். 2022ல் அறிமுகமான ஸ்லாவியாவும் வெர்டஸும் 2023ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. அவற்றின் முதல் வண்டிகள் அந்த வயதை இப்போது எட்டிவிட்டன. டர்போ இல்லாத எளிய என்ஜின் வேண்டுவோருக்கு 2020க்குப் பிந்தைய சிட்டி இருக்கிறது. எதை வாங்கினாலும் படிவம் 29, 30 இரண்டையும் கையெழுத்தோடு வாங்கி, ஆர்.சி.யில் கடன் பாக்கி இல்லையென்று வாகன் தளத்தில் பார்த்து, பெயர் மாற்ற விண்ணப்பத்தை நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். பழைய காரை விற்கிறவருக்கும் இது பொருந்தும்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே தீர்ப்பளித்துவிட்டது.